டானிபுரூக்கில் நின்றுபோன சந்தை

டப்ளின் விமான நிலையத்தில் என்னை நிறுத்திய அதிகாரி சிவந்த முகமும் நரைத்த மீசையுமாக இருந்தார். எதற்கு வந்திருக்கிறாய் என்று கேட்டார். கதவு மாட்ட வந்திருக்கிறேன் என்றேன். என் கடிதத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கடிதத்தைப் படித்தார். பக்கத்துக் கூண்டில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "இங்கே பார், நம் ஊரில் ஒரு கதவு மாட்ட இந்தியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது" என்றார். "என் வீட்டுக் கதவும் ஒரு வருடமாகத் தரையில் உரசுகிறது, அவரிடம் சொல்லிவை" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தி அனுப்பினார்கள். வந்து இறங்கியதும் சிரிப்பு கிடைத்தால் பாதிக் களைப்பு போய்விடுகிறது.

நான் காரைக்குடியில் தச்சு வேலை செய்கிறவன். கானாடுகாத்தானிலும் வலையபட்டியிலும் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்களுக்குக் கதவு, தூண், உத்தரம் எல்லாம் பழுது பார்ப்பேன். வெள்ளைக்கார விருந்தாளிகள் வந்து நின்று கேள்வி கேட்பதால் ஓரளவு இங்கிலீஷும் பழகிவிட்டது. அப்படி வந்தவர்தான் மேவ் என்ற அயர்லாந்துப் பெண்மணி. காரைக்குடியின் பழைய சாமான் கடை ஒன்றில் பர்மாத் தேக்கில் செய்த ஒரு ரெட்டைக் கதவை நிலையோடு வாங்கினார். டப்ளினில் டானிபுரூக் என்ற பகுதியில் தான் திறக்கப்போகும் உணவு விடுதிக்கு அதுதான் தலைவாசல் என்றார். கதவைக் கழற்றி, ஒவ்வொரு துண்டிலும் தமிழ் எழுத்தில் குறி எழுதி, பெட்டியில் அடைத்துக் கொடுத்தது நான். நான்கு மாதம் கழித்து மேவ் ஒரு படம் அனுப்பினார். நிலையின் மேல் பலகையில் கஜலட்சுமி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு யானைகளும் கால்களை ஆகாயத்துக்குத் தூக்கியிருந்தன. நீங்களே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்.

நான் புறப்பட்ட நேரம் ஊரில் ஒரு விவகாரம் பாதியில் நின்றது. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவோம். அதையொட்டி மூன்று நாள் சந்தை. வளையல் கடை, மிட்டாய்க் கடை, ராட்டினம், கூடவே குடியும் அடிதடியும். போன வருடம் மூன்றாம் நாள் சண்டையில் பறந்து வந்த ஒரு பாட்டில் என் தம்பி முருகேசனின் இடது கண்ணில் பட்டது. அவன் சண்டைக்குப் போகவில்லை. பிள்ளைகளுக்குச் சேவு வாங்கிக்கொண்டிருந்தான். கண் போய்விட்டது. எறிந்தது யாரென்று இன்றுவரை தெரியாது. சாமி கும்பிடுவது மட்டும் நடக்கட்டும், சந்தை அடியோடு வேண்டாம் என்று நான் ஒரு மனு எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது. நாற்பது பேர் அதற்குக் கீழே போட்டார்கள். நான் திரும்பி வந்த பிறகு ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஊர்த் தலைவர் அம்பலகாரர் சொல்லியிருந்தார்.

முதல் நாள் முழுக்க மழை. ஆகஸ்டு மாதம் என்றார்கள், எனக்கு மார்கழியில் நனைந்த மாதிரி இருந்தது. மேவ் தன் கணவரின் கம்பளிச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். கை இரண்டு முழம் நீளம். அதை மடித்துவிட்டுக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே பிரெண்டன் என்ற கொத்தனார் சுவரில் வாசலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார், அவர் உள்ளங்கையும் என்னுடையதைப் போலவே காய்த்துப்போயிருந்தது.

"யானைகள் உங்கள் ஊரில் பறக்கும் என்று நினைத்துவிட்டோம்" என்றார்.

நான் எழுதிய தமிழ் எழுத்துகளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். அதுதான் விஷயம். அதோடு அந்தக் கதவு கீல் இல்லாத குடுமிக் கதவு. மேலும் கீழும் உள்ள முளை, குழியில் நின்று சுழலும். இரும்புக் கீலை எங்கே அடிப்பது என்று தேடித் தேடி அவர்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள். குடுமியைக் காட்டியதும் பிரெண்டன் மண்டியிட்டு உட்கார்ந்து குழியைத் தடவிப் பார்த்து, "ஒரு ஆணிகூட இல்லாமலா?" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே எங்களுக்குள் பழக்கம் வந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் தவிட்டு நிற ரொட்டி, அதன்மேல் கையளவு வெண்ணெய். அந்த வெண்ணெயை நான் மறக்கப்போவதில்லை. மத்தியானம் உருளைக்கிழங்கு. மாலையிலும் உருளைக்கிழங்கு, இந்த முறை முட்டைக்கோசோடு மசித்தது. நல்ல கிழங்குதான், ஆனால் உப்பைத் தவிர அதற்கு உலகத்தில் வேறு துணையே கிடையாது. இரண்டாம் நாள் மத்தியானம் நான் பையிலிருந்து இட்லிப்பொடியை எடுத்து மேலே தூவிக்கொண்டேன். பிரெண்டன் தட்டை நீட்டினார். ஒரு வாய் போட்டதும் முகம் செங்கல் நிறமாகி, கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் பயந்துபோனேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். மனைவி கொடுத்துவிட்ட பொட்டலம் நான்கு நாளில் காலி.

மூன்றாம் நாள் பித்தளைத் திருகாணி வாங்க நகரத்துக்குப் போனேன். போகும்போது சிக்கல் இல்லை. டப்ளினில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். கிழவர், பள்ளிக்கூடப் பெண், கோட்டுப் போட்ட அதிகாரி, எல்லோரும். நம் ஊர் டிரைவருக்கு யாராவது ஒரு நாள் அப்படிச் சொன்னால் பதறிப்போய் வண்டியை நிறுத்திவிடுவார்.

திரும்பும்போதுதான் வினை. மாடிப் பஸ்ஸில் கீழேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாலிபர்கள் ஏதோ விளையாட்டுப் போட்டியைப் பற்றிக் கத்தத் தொடங்கி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த அமெரிக்க அம்மாள், "டானிபுரூக்!" என்று கூவினார். நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதென்று பதறி, திருகாணிப் பொட்டலத்தோடு எழுந்து, எல்லோரையும் போல நானும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பஸ் போன பிறகு பார்த்தால் தெரியாத தெரு, மழை வேறு. நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போன ஒரு பெண்ணிடம் டானிபுரூக் எங்கே என்று கேட்டேன். இரண்டு மைல் என்றாள். நான் நடக்கத் தொடங்கியதும் பின்னாலேயே வந்து, "இந்த மழையில் உங்களைத் தனியாக விட்டால் என் அம்மா என்னைத் திட்டுவாள்" என்று சொல்லிப் பாதித் தூரம் கூடவே வந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நனைந்த கோழியாக நான் போய் நின்ற கதையைக் கேட்டு பிரெண்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு விளக்கினார். அந்த அம்மாள் ஊரைச் சொல்லவில்லை, சண்டையைச் சொன்னார். இங்கிலீஷில் கும்பல் சண்டைக்கு டானிபுரூக் என்றே ஒரு பெயர் உண்டு. இந்த இடத்தில் அறுநூறு வருடத்துக்கு மேல் நடந்த சந்தையால் வந்த பெயர். சந்தை நின்று நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, பெயர் மட்டும் நிற்கவில்லை.

எனக்கு மேலே கேட்க வேண்டும் போலிருந்தது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மேவும் பிரெண்டனும் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது அங்கே ரக்பி மைதானம், பஸ் டிப்போ, பளபளவென்று கார்கள். பக்கத்தில் ஒரு சின்ன ஆறு. இங்கேதான் ஆகஸ்டுக் கடைசியில் கூடுவார்களாம். வளைத்த கம்புகளின்மேல் பழைய போர்வையைப் போட்டுக் கூடாரம், உள்ளே சாராயமும் இறைச்சியும், வெளியே பிடில்காரர்கள், குதிரை வியாபாரம், கழைக்கூத்து. பொழுது சாயச் சாயத் தடியடி. ஒரு காலத்தில் இரண்டு வாரம் நடந்ததாம்.

"நின்றது நல்லதுதான்" என்றார் மேவ். "கூலியை மொத்தமாகக் குடித்துவிட்டு மண்டை உடைந்து வீட்டுக்கு வருவார்கள். பெண்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! ஊர்ப் பெரியவர்களும் பாதிரியார்களும் சேர்ந்து பணம் வசூலித்து, சந்தை நடத்தும் உரிமையை அதை வைத்திருந்த குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கி, அப்படியே மூடினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே மாதா கோயில், அதைச் சந்தை தொடங்கும் அதே தேதியில்தான் திறந்தார்கள்."

பிரெண்டன் தலையை ஆட்டினார். "வருடம் முழுக்க அடுத்தவன் வீட்டில் வேலை செய்தவனுக்கு அந்தச் சில நாள்தான் சொந்த நாள். குடியை நிறுத்தியிருக்கலாம், சண்டைக்காரனைப் பிடித்திருக்கலாம். சந்தையையே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். விற்றவனைக் கேட்டார்கள், வாங்கியவனைக் கேட்டார்கள். கூடாரம் போட்டவனை யார் கேட்டார்கள்?" சாராயக் கடை நடத்திய ஒரு விதவை மட்டும் ஒத்துக்கொள்ளாமல் தன் சொந்த இடத்தில் சில வருடம் சந்தையைத் தொடர்ந்தாளாம். பிரெண்டன் அந்த விதவையின் கட்சி.

நான் மேவ் கட்சி. அதை மறைக்கவில்லை. என் தம்பியின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். மதுரை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த அன்று அவன் என் கையைத் தேடித் துழாவியதைச் சொன்னேன். போனில் இருந்த மனுவின் படத்தையும் காட்டினேன். மேவ் என் தோளைத் தொட்டார். பிரெண்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மன்னித்துக்கொள். எனக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்" என்றார்.

வேலைக்குத் திரும்பும் வழியில் பிரெண்டன் மெதுவாகக் கேட்டார்: "உன் தம்பி என்ன சொல்கிறான்?"

எனக்குத் தெரியாது. நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கியவன் அவனிடம் போகவில்லை. அவன் புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை ரொட்டியைத் தின்றுவிட்டுப் போன் போட்டேன். அங்கே மத்தியானம். முருகேசன் பட்டறையில் இருந்தான். பின்னால் மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தம் கேட்டது.

"அண்ணே, நல்லா இருக்கீகளா? சாப்டீகளா? அங்குட்டு ஒரே மழையாமே?"

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். சந்தையை நிறுத்த மனு எழுதினேனே, அதில் உனக்குச் சம்மதம்தானா என்று.

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாண்ணே?" என்றான்.

"உனக்காகத்தானடா எழுதுனேன்."

"எனக்காகன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. அம்பலகாரரு வீட்டுல வச்சு அடுத்தவுக சொல்லித்தான் எனக்கே தெரியும்." அவன் குரல் உயரவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. "கண்ணு போனது போச்சு. அதோட இருந்துக்கிருவேன். வேலைக்குக் கை பழகிருச்சு. ஆனா சந்தை நின்னுச்சுன்னு வைங்க, இவன் ஒத்தக் கண்ணாலதான் நின்னுச்சுன்னு ஊரு பூராம் சொல்லும். கடை போடுறவுக சொல்லுவாக, பிள்ளைகளும் சொல்லும். அந்தப் பேரோட நான் எப்பிடிண்ணே இந்த ஊர்ல இருக்குறது?"

"என் தப்புத்தான்" என்றேன்.

"தப்புன்னு சொல்லலை. வந்து பேசுங்க. வரும்போது கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு வாங்க, சளி பிடிச்சுக்கிரும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று நான் பிரெண்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் சொன்னது சரிதானே" என்று அவர் முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு குவளை டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் கொத்துக் கரணையை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார்.

ஏழாம் நாள் கதவு நின்றது. கஜலட்சுமி நேராக உட்கார்ந்தாள். மேவ் ஒரு விரலால் தள்ளினார், அவ்வளவு பெரிய தேக்குக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டார். எங்கள் வழக்கப்படி நான் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினேன். அடுத்த நொடி கூரையில் இருந்த புகைக் கருவி அலறத் தொடங்கியது, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தேங்காய்ச் சில்லு கொடுத்தோம். நல்ல திறப்புவிழாதான்.

விமான நிலையத்துக்கு பிரெண்டன்தான் தன் வேனில் கூட்டிவந்தார். சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே என் பெட்டி. இறங்கும்போது, அவருக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, இங்கிலீஷ்தான் போதவில்லை. பஸ்ஸில் எல்லோரும் சொல்வதை மட்டும் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

ஊர்க்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, கண்மாய்க் கரை ஆலமரத்தடியில். "மொதக் கையெழுத்து போட்டவுகளே மொதல்ல பேசட்டும்" என்றார் அம்பலகாரர். நான் எழுந்து என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். பாட்டில் பட்டவனிடமே கேட்காமல் எழுதிய மனு இது என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. சிலருக்குக் கோபம். "அப்ப அடுத்த வருசம் இன்னொருத்தன் கண்ணு போகட்டுங்கிறீகளா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடை போடுகிறவர்களையும் கூப்பிட்டுக் கேட்போம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். வளையல் கடை ராவியத்தம்மா இருபது வருடமாக வருகிறவர். ஓரமாக நின்றவர், கேட்டதும் பட்டென்று சொன்னார்: "சண்டை எங்குட்டு ஆரம்பிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா? ராட்டினத்துக்குப் பின்னால கருவேலங் காட்டுல வச்சு சாராயம் விக்கிறாக. இருட்டுனதும் அங்குட்டு இருந்துதான் வாராங்கெ. அதை அடைங்க. பொழுது சாயுறதுக்குள்ள கடையைக் கட்டச் சொல்லுங்க, கட்டுறோம். இத்தனை வருசத்துல எங்களை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே!"

முடிவு அப்படியே ஆனது. கருவேலங்காட்டை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஊரின் இரண்டு தெருவிலிருந்தும் பத்துப் பத்துப் பேர் காவலுக்கு நிற்பது என்று ஏற்பாடு. அதில் நானும் ஒருவன்.

புரவி எடுப்பு அன்று காவலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது முருகேசன் வந்தான். மஞ்சள் வேட்டி, காப்புக் கட்டிய கை. பெரிய குதிரைக்குத் தோள் கொடுக்கப் பெயர் கொடுத்திருந்தான். எனக்குத் தெரியாது.

"அண்ணே, இடப்பக்கம் எனக்குத் தெரியாது. பள்ளம், கல்லு வந்தாச் சொல்லுவீகளா?"

எட்டுப் பேர் மூங்கிலைத் தோளில் தாங்கிக் குதிரையைத் தூக்கினார்கள். குலவைச் சத்தமும் மேளமுமாகக் கூட்டம் நகர்ந்தது. நான் அவனுடைய இடது பக்கமாக நடந்தேன். "கல்லு... கொஞ்சம் வலப்பக்கம்... இப்பப் பள்ளம், காலைத் தூக்கி வையி..." கோயில் வரை இரண்டு மைல். தொண்டை கட்டிப்போனது. ஒரு தடவைகூட அவன் கால் தவறவில்லை. ஐயனார் வாசலில் குதிரையை இறக்கி வைத்தபோது அவன் தோளில் மூங்கில் பதிந்து ரத்தம் கன்றியிருந்தது. முகமெல்லாம் வியர்வை. சிரித்துக்கொண்டிருந்தான். போன வருடத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சந்தை தொடங்கிவிட்டது. ராட்டினம் சுற்றியது, எண்ணெயில் சேவு பொரியும் வாசனை வந்தது. முருகேசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தான். நான் கூடவே கிளம்பினேன்.

"நீங்க உங்க காவலைப் பாருங்கண்ணே. நான் போயிட்டு வாரேன்" என்றான்.

ஒரு நிமிடம் மனசு கேட்கவில்லை. பிறகு நின்றுகொண்டேன். அவன் ஜனங்களுக்கு நடுவே, தலையை லேசாக இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, யாரையும் இடிக்காமல், மெல்ல உள்ளே போனான்.